வேலை பிடிக்கலைன்னா வேலையை விடு தம்பி, வயலைச் சாக்கு சொல்லாதே

"ஐயா, வேலை பிடிக்கல. விட்டுட்டு விவசாயத்துக்கு வந்துடலாம்னு பாக்குறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

மாசத்துக்கு நாலு பேராவது என்கிட்ட இப்படிக் கேக்குறாங்க. எல்லாம் முப்பது வயசை ஒட்டின பிள்ளைங்க. சென்னை, பெங்களூருன்னு இருக்கிறவங்க. கம்ப்யூட்டர் வேலை, இல்லைன்னா பேங்க் வேலை. நான் சொல்ற பதில் பெரும்பாலும் அவங்களுக்குப் பிடிக்கிறதில்ல. ஆளாளுக்குத் தனித்தனியா சொல்றதை விட மொத்தமா இங்கேயே எழுதிடுறேன்.

இதுல ரெண்டு கேள்வி இருக்கு. வேலையை விடலாமாங்கிறது ஒண்ணு. விவசாயத்துக்கு வரலாமாங்கிறது இன்னொண்ணு. இந்த ரெண்டையும் ஒரே கயித்துல கட்டி இழுக்கிறதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்.

ஏன் கட்டுறாங்கன்னு எனக்குத் தெரியும். "வேலை பிடிக்கல, விடப்போறேன்"னு வீட்டுல சொன்னா, "திமிரா? ஊர் உலகத்துல யாருக்குத்தான் வேலை பிடிக்குது?"ன்னு திட்டு விழும். அதே ஆள், "வேலையை விட்டுட்டு மண்ணைக் காப்பாத்தப் போறேன், பாரம்பரிய நெல் போடப் போறேன்"னு சொன்னா நாலு பேர் கைதட்டுவாங்க. வீடியோ எடுக்க ஆள் வரும். ஆக, ஒரு வேலையை விட்டு வெளியே வர்றதுக்கு கௌரவமான ஒரு வாசல் தேவைப்படுது. அந்த வாசலா எங்க வயலைப் பிடிச்சுக்கிறாங்க.

நான் கேக்குறேன், வேலை உங்களை நோகடிக்குதுன்னா அந்த ஒரு காரணம் போதாதா? அதுக்கு மேல மண்ணைக் காப்பாத்தற கதை எதுக்கு?

2023 அக்டோபர்ல இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கணும்னு சொன்னார். 2025 ஜனவரியில எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90 மணி நேரம்னு பேசினது வெளியே வந்தது. நாங்க ஏர் ஓட்டின காலத்துல உச்சி வெயில் ஏறினா மாட்டை அவுத்து, தண்ணி காட்டி, நிழல்ல கட்டுவோம். ஈவு இரக்கம்னு மட்டும் நினைக்காதீங்க. அடிச்சு ஓட்டின மாடு மறுநாள் எந்திரிக்காது, அதான். மாட்டுக்கே இருக்கிற நியாயம் மனுசனுக்கு இல்லையா? ராத்திரி தூக்கம் வரல, ஞாயித்துக்கிழமை சாயங்காலமே வயித்தைக் கலக்குது, பெத்த பிள்ளை மேல எரிஞ்சு விழுறேன்னு சொன்னா, அந்த வேலையை விடுறதுக்கு நீங்க யாருக்கும் கணக்கு காட்ட வேண்டியதில்ல.

ஆனா எங்ககிட்ட வர்றதுக்குக் கணக்கு வேணும். என் கணக்கையே தர்றேன். நான் டெல்டாக்காரன், நெல்லுதான் பிழைப்பு. சம்பாவுல ஏக்கருக்கு ஆகுற செலவு இது.

உழவு, வரப்பு வேலை 5,000. விதை, நாத்தங்கால் 2,000. நடவு 6,000. களை 3,000. உரம் 6,000. மருந்து 2,500. அறுப்பு மெஷின் 3,500. வண்டி, களத்து வேலை, நெல்லுக் காவல் 2,000. ஆக மொத்தம் 30,000 ரூபாய்.

நல்லா விளைஞ்சா ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை முப்பது, அதாவது 18 குவிண்டால். 2025-26-ல சாதா ரகத்துக்கு மத்திய அரசு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். தமிழ்நாடு அரசு ஊக்கத்தொகை 131 சேத்தா 2,500. வரவு 45,000. மிச்சம் 15,000.

அஞ்சு ஏக்கர் வெச்சிருந்தா 75,000. நாத்து விடுறதுலேர்ந்து பணம் பேங்க்ல ஏறுற வரைக்கும் ஆறு மாசம்னு வெச்சா, மாசம் 12,500. இதுல என் கூலியும் இல்ல, என் வீட்டுக்காரம்மா கூலியும் இல்ல. நிலம் குத்தகைன்னா ஏக்கருக்கு ஆறு மூட்டை நிலத்துக்காரருக்குப் போயிடும். அது 9,000 ரூபாய். மிச்சத்தை நீங்களே போட்டுப் பாத்துக்குங்க.

இது விளைஞ்ச வருசத்துக் கணக்கு. அறுப்பு நேரத்துல மழை பேஞ்சா கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலன்னு நெல்லை எடுக்க மாட்டாங்க. ரோட்டுல கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, காயவெச்சு, பக்கத்துலயே படுத்துக் கிடக்கணும். உங்க மேனேஜரையாவது எதுத்துப் பேசலாம், மழையை என்ன பேசுறது? 2018 நவம்பர் 16 ராத்திரி கஜா புயல் அடிச்சப்ப, பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் இருபது முப்பது வருசத்துத் தென்னையெல்லாம் விடியறதுக்குள்ள சாஞ்சு கிடந்தது. மறுபடி கன்னு வெச்சா காய்ப்புக்கு வர எத்தனை வருசம் ஆகும்னு யோசிங்க.

இன்னொரு விசயம். 2003-ல மத்திய அரசு எடுத்த தேசிய மாதிரி ஆய்வுல, விவசாயிங்க நூத்துக்கு நாப்பது பேர் வேற வழி கிடைச்சா விவசாயத்தை விட்டுடுவோம்னு சொன்னாங்க. 2018-19 ஆய்வுப்படி இந்தியாவுல ஒரு விவசாயக் குடும்பத்தோட சராசரி மாச வருமானம் 10,218 ரூபாய். அதுல பயிர்லேர்ந்து வந்தது 3,798. கூலி, சம்பளம்னு வந்தது 4,063. அதாவது விவசாயியே கூலிக்குப் போய்த்தான் சாப்பிடுறான். பிடிக்காத வேலையில மாட்டிக்கிட்டது நீங்க மட்டும் இல்ல தம்பி. உங்களுக்காவது ராஜினாமா கடிதம் எழுதிக்கொடுக்க ஒரு ஆபீஸ் இருக்கு. நாங்க யார்கிட்ட கொடுக்கிறது?

எங்க ஊருக்கு அப்படி ஒரு பிள்ளை வந்துச்சு. நல்ல பிள்ளை, உழைக்கவும் அஞ்சல. நாலு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து மாப்பிள்ளை சம்பா போட்டுச்சு. அது ஆளுயரம் வளர்ற பயிர், 160 நாள் நிக்கணும். மார்கழியில பேஞ்ச மழைக்கும் காத்துக்கும் பாதி சாஞ்சுடுச்சு. மிஞ்சினதை அரிசியாக்கி விக்க தெரிஞ்சவங்க வீடெல்லாம் ஏறி இறங்குச்சு. பதினாலாவது மாசம் திரும்பிப் போயிடுச்சு. கையில இருந்த சேமிப்பும் போச்சு, பழைய வேலையும் போச்சு. ஒருநாள் வரப்புல உக்காந்து பேசினப்ப அதுவே சொன்னது: "ஐயா, எனக்கு கம்ப்யூட்டர் வேலை பிடிக்காம இல்ல. அந்த நைட் ஷிப்டும் அந்த டீம் லீடரும்தான் தாங்கல." அவ்வளவுதான் விசயம். கால்ல குத்தின முள்ளை எடுக்க ஊரையே மாத்தியிருக்கு.

அதனால முதல்ல முள்ளு எதுன்னு பாருங்க. வேலையா, வேலை நேரமா, மேல இருக்கிற ஆளா, தினம் ரெண்டு மணி நேரம் பஸ்ல நிக்கிறதா? நேரம்தான் பிரச்சினைன்னா ஷிப்ட் மாத்திக் கேளுங்க. ஆள்தான் பிரச்சினைன்னா வேற டீம், இல்லைன்னா வேற கம்பெனி. சம்பளம் கொஞ்சம் குறைஞ்சாலும் திருச்சியிலயோ கோயம்புத்தூர்லயோ இருந்து நிம்மதியா தூங்கலாம். அந்த வேலையே ஒத்துவரலைன்னா வேற தொழில் கத்துக்குங்க. எதைச் செஞ்சாலும் சரி.

விடுறதுன்னு முடிவு பண்ணிட்டா குடியானவன் மாதிரி விடுங்க. எவ்வளவு பஞ்சத்துலயும் விதைநெல்லைத் தின்ன மாட்டோம். அடுத்த அறுப்பு வரைக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கு எடுத்து வெச்சுட்டுத்தான் மிச்சத்தை விப்போம். அதுமாதிரி வாடகை, கடன் தவணை, பிள்ளை பீஸ் எல்லாம் சேத்து எத்தனை மாசம் சம்பளம் இல்லாம ஓட்ட முடியும்னு ஒரு தாள்ல எழுதுங்க. ஆறு மாசத்துக்குக் கீழ இருந்தா, முதல்ல அதைச் சேருங்க. அதுவரைக்கும் பல்லைக் கடிக்கிறதுல ஒரு அர்த்தம் இருக்கு, ஏன்னா அதுக்கு ஒரு தேதி இருக்கு. கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோட போயிடும். சொந்தமா எடுக்கிற பாலிசி எல்லாத்துக்கும் முதல் நாளே பணம் தராது, அதனால முன்னாடியே எடுத்துடுங்க. நிரந்தர வேலையில அஞ்சு வருசம் முடிய ரெண்டு மாசம்தான் இருக்குன்னா, கிராஜுவிட்டியை விட்டுட்டு வராதீங்க. ஆனா உடம்பே விழுற நிலைமைன்னா இந்தக் கணக்கெல்லாம் அப்புறம். முதல்ல டாக்டரைப் பாருங்க, லீவு போடுங்க.

இதெல்லாம் பாத்த பிறகும் விவசாயம்தான்னா, தாராளமா வாங்க. எங்களுக்கும் படிச்ச ஆள் வேணும். வேலையில இருந்துக்கிட்டே வாங்க. மூணு மா, அதாவது ஒரே ஒரு ஏக்கர், ஒரு போகம். நாத்து விடுறப்ப வாங்க, களை எடுக்க வாங்க, கொள்முதல் நிலையத்துல நெல்லோட காத்துக்கிடக்க வாங்க. அது முடிஞ்சும் ஆசை இருந்தா அது உண்மையான ஆசை.

பெத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை "வேலை பிடிக்கல"ன்னு சொன்னா, "சம்பளம் எவ்வளவு தெரியுமா"ன்னு ஆரம்பிக்காதீங்க. என்ன நடக்குதுன்னு கேளுங்க. நீங்க காது கொடுத்தா அது பொய்க் காரணம் தேடாது. லட்சியம், புரட்சின்னு பெரிய வார்த்தையெல்லாம் பேசி, தெரியாத தொழில்ல போய் விழாது.

எங்க வயல் உழைக்க வர்றவங்களுக்கு எப்பவும் திறந்துதான் கிடக்கு. தப்பிச்சு ஓடிவந்து ஒளிஞ்சுக்க அதுல இடம் இல்ல. பிடிக்காத வேலையை விட உங்களுக்கு முழு உரிமை இருக்கு. அதை உங்க சொந்தக் காரணத்துக்காக, உண்மையைச் சொல்லியே விடுங்க.