காரை யார் பார்த்தார்கள்?

2016 மே 29, ஞாயிறு இரவு. பி.பி.சி.யின் இரண்டாவது சானலில் 'டாப் கியர்' புதிய தொடரின் முதல் பகுதி ஓடி முடிவதற்குள்ளேயே பிரிட்டிஷ் நேயர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். புகார் காரைப் பற்றியதல்ல. புதிய தொகுப்பாளர் கிறிஸ் எவன்ஸ் ஏன் இப்படித் தொண்டை கிழியக் கத்துகிறார் என்பதுதான் பலரின் முதல் கேள்வி. 44 லட்சம் பேர் பார்த்ததாக அன்றிரவுக் கணக்கு சொன்னது. அடுத்த வாரம் அது 28 லட்சம் ஆயிற்று. ஆறாவதும் கடைசியுமான வாரத்தில் 20 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. பதிவு செய்து பார்த்தவர்களையும் இன்டர்நெட்டில் பார்த்தவர்களையும் சேர்த்தால் தொகை கூடும் என்று பி.பி.சி. வாதாடிப் பார்த்தது. எவன்ஸ் அந்தக் கூட்டல் கணக்குக்குக் காத்திருக்கவில்லை. கடைசிப் பகுதி ஒளிபரப்பான மறுநாளே, ஜூலை 4 அன்று, விலகிக்கொண்டார்.

பிரிட்டிஷ் நேயர் இவ்வளவு உரிமையோடு சீறுவதற்குக் காரணம் உண்டு. வீட்டில் டி.வி. பார்க்க அந்த ஆண்டு அவர் கட்ட வேண்டியிருந்த லைசென்ஸ் கட்டணம் 145.50 பவுன். விளம்பரதாரர் யாரும் குறுக்கே இல்லை. பணம் நேராகத் தன் பையிலிருந்து போகும்போது, நிகழ்ச்சி தன் வீட்டுச் சமையல் போலவும் தொகுப்பாளர் தான் அமர்த்திய ஆள் போலவும் தோன்றுவது இயல்பு. நேயர்களின் முணுமுணுப்புக்கென்றே 1961-ல் 'பாயின்ட்ஸ் ஆஃப் வியூ' என்று தனி நிகழ்ச்சி தொடங்கிய நிறுவனம் பி.பி.சி. திட்டு வாங்குவது அதற்குப் புதிதல்ல.

ஆனால் 2016-ன் புகார்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் என்று ஒரு கூட்டம் கோபித்துக்கொண்டது. எதையுமே மாற்றவில்லை, அதே பழைய கொட்டகை, அதே ஓடுபாதை, பிரபலங்கள் வந்து கார் ஓட்டும் அதே அங்கம் என்று இன்னொரு கூட்டம் சலித்துக்கொண்டது. இரண்டுமே உண்மை. சர்ரே மாவட்டத்தின் டன்ஸ்ஃபோல்ட் விமானதளம் அப்படியே இருந்தது. வெள்ளை உடையில் முகம் காட்டாமல் ஓட்டும் ஸ்டிக்கும் இருந்தார். மூன்று பேர் இருந்த இடத்தில் ஆறு பேர் வந்திருந்தார்கள். அந்த ஆறு பேருக்குள் ஒருவரையொருவர் முன்பின் தெரிந்ததாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நேயர்கள் தேடியது அந்தப் பழக்கத்தைத்தான். கார் நிகழ்ச்சி என்று பெயர் இருந்தாலும் காருக்காக அதைப் பார்த்தவர்கள் எப்போதோ சிறுபான்மை ஆகிவிட்டார்கள்.

1977-ல் பர்மிங்ஹாம் வட்டாரத்துக்கு மட்டுமான நிகழ்ச்சியாகத் தொடங்கியபோது நிலைமை வேறு. ஏஞ்சலா ரிப்பனும் டாம் காயினும் வழங்கிய அந்தப் பழைய 'டாப் கியர்', கார் வாங்கப் போகிறவருக்குப் பக்கத்து வீட்டு மெக்கானிக் சொல்லும் யோசனை போன்றது. அடுத்த ஆண்டே நாடு முழுவதற்கும் போய், இருபதாண்டுக்கு மேல் ஓடியது. 1999-ல் ஜெரமி கிளார்க்சன் வெளியேறியபின் நேயர்கள் கரைந்தார்கள். 2001-ல் பி.பி.சி. கடையைக் கட்டியது. பழைய தொகுப்பாளர்களில் சிலர் சானல் 5-க்குப் போய், 2002-ல் 'ஃபிஃப்த் கியர்' தொடங்கினார்கள். பெயரிலேயே கிண்டல் இருந்தது.

அதே 2002-ன் அக்டோபரில் கிளார்க்சன் திரும்பி வந்தார். ரிச்சர்ட் ஹாமண்ட் உடன் வந்தார். மறு ஆண்டு ஜேம்ஸ் மே சேர்ந்தார். கார் பற்றிய தகவல் குறைந்தது. மூன்று ஆண்கள் சண்டை போட்டுக்கொண்டு ஊர் சுற்றுவது கூடியது. சாதாரண மனிதன் வாங்கக்கூடிய வண்டியை இவர்கள் சோதிப்பதே இல்லை என்ற குறை வந்துகொண்டே இருந்தது. 2008 டிசம்பரில் அப்படிப்பட்ட ஒரு நேயர் கடிதத்தைப் படித்துவிட்டு, சரி, செய்துவிடலாம் என்று கிளார்க்சன் ஒரு ஃபோர்டு ஃபியஸ்டாவை எடுத்தார். டிக்கியில் எவ்வளவு சாமான் கொள்ளும் என்பதையெல்லாம் ஒழுங்காகச் சொன்னார். பிறகு பேசிங்ஸ்டோக் நகர வணிக வளாகத்துக்குள், ஒரு கொர்வெட் துரத்த, அதே ஃபியஸ்டாவில் தப்பி ஓடிக் காட்டினார். அதுவும் போதாதென்று பிரிட்டிஷ் மரைன் வீரர்களோடு படகிலிருந்து கடற்கரையில் இறங்கித் தாக்குதல் ஒத்திகையில் அந்தக் காரை ஓட்டினார். நேயரின் குறை தீர்ந்ததா தெரியாது. அவரைக் கேலி செய்ததை மற்ற நேயர்கள் கொண்டாடினார்கள்.

பழைய நேயர்கள் இன்றும் நினைவு வைத்துப் பேசும் வண்டிகள் எவை? ஃபெராரியோ லாம்போர்கினியோ இல்லை. 2003-ல் கடல் அலையில் மூழ்கடித்து, தீ வைத்து, அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் நிறுத்திக் கட்டடத்தையே தகர்த்தும், ஸ்பேர் பார்ட்ஸ் எதுவும் போடாமலே மறுபடி ஸ்டார்ட் ஆன டொயோட்டா ஹைலக்ஸ். போட்ஸ்வானாவைக் கடக்கும்போது ஹாமண்ட் 'ஆலிவர்' என்று பெயர் வைத்து, விட மனமில்லாமல் இங்கிலாந்துக்கே கொண்டுபோன 1963-ம் ஆண்டு ஓப்பல் கடெட். நம் ஊர் அம்பாசடருக்கும் 2013-ல் இந்த நிகழ்ச்சியில் ஒரு மரியாதை கிடைத்தது. பல நாட்டு டாக்சிகளை மோதவிட்ட போட்டியில் ஜெயித்தது அதுதான். மறு ஆண்டே உத்தர்பாரா ஆலையில் அதன் உற்பத்தி நின்றுபோனது.

எந்த நேயரின் பேச்சு எடுபடும், யாருடையது எடுபடாது என்பதில் பி.பி.சி.க்குத் தனிக் கணக்கு இருந்தது. இது இந்தியர்களுக்கு நேரடியாகத் தெரியும். 2011 கிறிஸ்துமஸ் வாரத்தில் வந்த இந்தியச் சிறப்புப் பகுதியில், கிளார்க்சன் தன் ஜாகுவாரின் டிக்கியில் கக்கூஸ் பொருத்திக்கொண்டு வந்தார். இந்தியாவுக்கு வருகிறவருக்கு வயிற்றுப்போக்கு நிச்சயம் என்பதுதான் நகைச்சுவை. லண்டனிலிருந்த இந்தியத் தூதரகம் 2012 ஜனவரியில் எழுத்திலேயே புகார் செய்தது. கேலி செய்தது தொகுப்பாளர்களின் அசட்டுத்தனத்தைத்தான் என்பது பி.பி.சி. தரப்பு விளக்கம். அதற்கு முந்தைய ஆண்டு மெக்சிகோ நாட்டவரைச் சோம்பேறிகள் என்று கேலி செய்தபோதும் ஒரு தூதர் புகார் எழுத நேர்ந்தது. இந்த நிகழ்ச்சியை 212 நாடுகளிலும் பிரதேசங்களிலுமாக 35 கோடிப் பேர் பார்ப்பதாகக் கின்னஸ் புத்தகம் மதிப்பிட்டிருந்தது. அத்தனை கோடிப் பேரும் லைசென்ஸ் கட்டுகிறவர்கள் அல்லவே.

2015 மார்ச்சில் யார்க்ஷயர் ஓட்டல் ஒன்றில் சூடான சாப்பாடு கிடைக்காத கோபத்தில் கிளார்க்சன் தயாரிப்பாளர் ஒருவரை அடித்தார். பி.பி.சி. விசாரித்தது. அதற்குள் அவரை நீக்கக் கூடாது என்று பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். அந்த மனு ஒரு டாங்கியில் ஊர்வலமாக பி.பி.சி. வாசலுக்குப் போனது. அடி வாங்கியவரையே திட்டிய ரசிகர்களும் இருந்தார்கள். அவரை விட்டுவிடுங்கள் என்று கிளார்க்சனே சொல்ல வேண்டியதாயிற்று. மார்ச் 25 அன்று அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்ற முடிவு வந்தது. ஹாமண்டும் மேயும் அவரோடு போய், அமேசானில் வேறு பெயரில் அதையே தொடர்ந்தார்கள். நேயர்களின் விருப்பத்துக்கு எதிராக பி.பி.சி. எடுத்த அந்த முடிவு சரியானது. அதற்கான விலையை மறு ஆண்டு எவன்ஸ் கொடுத்தார்.

'ஃப்ரெண்ட்ஸ்' புகழ் மேட் லெப்ளாங்க் காலத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம். அமெரிக்கரிடமா நம் நிகழ்ச்சியைக் கொடுப்பது என்று முனகியவர்களே, அவர் அடக்கமாகப் பேசுவதையும், கிறிஸ் ஹாரிஸ் நிஜமாகவே கார் ஓட்டத் தெரிந்தவர் என்பதையும் இரண்டாண்டில் ஒப்புக்கொண்டார்கள். குடும்பத்தைப் பிரிந்து வெகுநாள் இருக்க முடியவில்லை என்று லெப்ளாங்க் கிளம்பினார். 2019 ஜூனில் ஹாரிஸோடு இரண்டு புதியவர்கள் வந்தார்கள். ஒருவர் நகைச்சுவைக் கலைஞர் பேடி மெக்கின்னஸ். மற்றவர் ஆண்ட்ரூ ஃபிளின்டாஃப்.

ஃபிளின்டாஃபை இந்திய வாசகருக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2002 பிப்ரவரியில் மும்பை வான்கடே மைதானத்தில் சட்டையைக் கழற்றிச் சுழற்றியவர். ஐந்து மாதம் கழித்து லார்ட்ஸ் பால்கனியில் சௌரவ் கங்குலியிடம் அதற்குப் பதில் வாங்கிக்கொண்டவர். 2009-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் 15.5 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. மூன்றே ஆட்டத்தில் முழங்கால் காயத்தோடு ஊர் திரும்பினார். சேப்பாக்கம் ரசிகர்களுக்கு அந்த வருத்தம் கொஞ்சம் உண்டு.

இந்த மூவரைப் பற்றியும் முதலில் கருத்து பிளவுபட்டது. கார் தெரியாத இருவரை எதற்குக் கூட்டி வந்தார்கள் என்றனர் சிலர். மூவரும் உண்மையாகச் சிரிக்கிறார்கள், அது போதும் என்றனர் மற்றவர். இரண்டாம் தரப்பு மெல்ல வென்றது. 2020 அக்டோபரில் நிகழ்ச்சி பி.பி.சி.யின் முதல் சானலுக்கே உயர்த்தப்பட்டது. தங்கள் அப்பாக்கள் ஓட்டிய கார்களை மூவரும் தேடி ஓட்டிய 2021-ம் ஆண்டுப் பகுதி, கிளார்க்சன் காலத்து விசுவாசிகள் சிலரையும் இளக்கியது. பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய சிரிப்பு திரும்பிவிட்டது என்று பேச்சு எழுந்தது.

சிரிப்போடு இன்னொன்றும் திரும்பியிருந்தது. 2006 செப்டம்பரில் யார்க் அருகே எல்விங்டன் விமானதளத்தில், ஜெட் எஞ்சின் பொருத்திய வண்டியில் மணிக்கு 288 மைல் வேகத்தில் போகும்போது டயர் வெடித்து ஹாமண்ட் சாவின் விளிம்புக்குப் போய் வந்தவர். அவரைத் தூக்கிச் சென்ற வான் ஆம்புலன்ஸ் சேவைக்கு ரசிகர்கள் ஒரு லட்சம் பவுனுக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனசு, சந்தேகமில்லை. 2007 ஜனவரியில் அந்த விபத்துக் காட்சி திரையில் காட்டப்பட்டபோது சுமார் 80 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த எண்ணைத் தயாரிப்பாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2019 செப்டம்பரில் அதே எல்விங்டனில் ஃபிளின்டாஃப் மூன்று சக்கர வண்டியில் ஓடுபாதையை விட்டு விலகிப் போனார், காயமில்லை. 2020 ஜனவரியில் அவரை ஒரு பழைய ரோவர் மெட்ரோவில் உட்காரவைத்து, சுவிட்சர்லாந்தின் வெர்சாஸ்கா அணை மேலிருந்து ரப்பர் கயிற்றில் கீழே விட்டார்கள். காரோடு பங்கீ ஜம்ப். நேயர்கள் கைதட்டினார்கள். பயமறியாத பெரிய மனிதர் ஒருவர் கிடைத்தால் அடுத்த முறை இன்னும் உயரம், இன்னும் வேகம் என்று கேட்கத் தோன்றுவது இயற்கைதானே.

2022 டிசம்பர் 13 அன்று டன்ஸ்ஃபோல்டில் திறந்த மேல்பாகம் கொண்ட மோர்கன் மூன்று சக்கர வண்டி கவிழ்ந்தது. ஃபிளின்டாஃப் ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. முகம் தரையில் உரசிச் சிதைந்தது. 2023 மார்ச்சில் பி.பி.சி. அவரிடம் மன்னிப்புக் கேட்டு, படப்பிடிப்பை நிறுத்தியது. 90 லட்சம் பவுன் இழப்பீடு என்று அக்டோபரில் பத்திரிகைகள் எழுதின. நவம்பரில், கண்ணுக்கெட்டிய காலம் வரை நிகழ்ச்சி இல்லை என்று அறிவிப்பு வந்தது.

அதற்கு முந்தைய செப்டம்பரில், இங்கிலாந்து அணியின் பயிற்சியாளர்களில் ஒருவராகக் கார்டிஃப் மைதானத்துக்கு வந்தபோதுதான் ஃபிளின்டாஃபின் முகத்தழும்புகளை நேயர்கள் முதல்முறை பார்த்தார்கள். ஹாரிஸ் 2024-ல் ஒரு வானொலி பாணி உரையாடலில் இன்னொன்றைச் சொன்னார். யாருக்காவது பெரிய காயம் ஏற்படப் போகிறது, உயிரே போகலாம் என்று விபத்துக்கு மூன்று மாதம் முன்பே பி.பி.சி.யிடம் எச்சரித்தாராம். கத்தல் அதிகம் என்று லட்சம் பேர் சொன்னது காதில் விழுந்த கட்டடத்தில், வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவர் சொன்னது எந்த மேஜையில் தங்கிவிட்டது என்பதற்கு இன்னும் தெளிவான பதில் வரவில்லை.

ஃபிளின்டாஃப் வெகுநாள் பேசவில்லை. 2025 ஏப்ரலில் வந்த ஆவணப்படத்தில் பேசினார். குரல் உயரவில்லை. டி.வி.க்கு எப்போதும் இன்னும் கொஞ்சம் வேண்டும், இதுவரை யாரும் பார்க்காதது வேண்டும், நூலிழையில் தப்புவது ஒன்று அமைந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அதற்குத்தான் நேயர்கள் வருவார்கள் என்ற பொருளில் சொல்லிவிட்டு, தன்னை ஒரு மாமிசத் துண்டாகவே நடத்தினார்கள் என்றார்.