நான் ஃபிட்டு... உங்க ஃபேக்டரி ஃபிட்டா ஆபீசர்?

மக்களே, வாட்சப்ல ஒரு சமாச்சாரம் சுத்திக்கிட்டு இருக்கு. கம்பெனி மெடிக்கல்ல பாஸ் ஆவது எப்படின்னு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் இண்டர்வியூ போறவங்களுக்கு அறிவுரையாம். முந்தின நாள் ராத்திரி பீட்ரூட் ஜூஸ் குடி. எடை மெஷின்ல ஏறும் முன்னாடி ரெண்டு லிட்டர் தண்ணி குடி. கல்யாணம் ஆன பொண்ணா இருந்தா மெட்டியைக் கழட்டு. எதைக் கேட்டாலும் "ஒண்ணும் இல்ல சார்"னு சொல்லு....

நம்ம பதிவர்கள் சில பேரே இதை "பயனுள்ள தகவல்"னு போட்டு, கீழே நன்றி, வணக்கம், பகிருங்கள்! படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

என் கட்சி சிம்பிள். மெடிக்கல் ஃபிட்னஸ்ங்கறது தொழிலாளியோட உடம்பைக் காப்பாத்த வந்த விஷயம். அதை ஆளைக் கழிக்கிற சல்லடையா மாத்திட்டாங்க. நாமளும் கூடமாட நின்னு சல்லடைல விழாம இருக்க டிப்ஸ் கொடுத்துக்கிட்டு இருக்கோம்.

முதல்ல பீட்ரூட் மேட்டரை முடிச்சிருவோம். 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 15லேருந்து 49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல! கர்ப்பமா இல்லாத பொண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்கணும்னு கணக்கு. அது ஒரு ராத்திரி ஜூஸ்ல ஏறாது சாமி. இரும்புச்சத்து மாத்திரை போட்டாலே வாரக்கணக்குல ஆகும். எடையும் அப்படித்தான். 150 செ.மீ. உயரம், 40 கிலோ எடைன்னா பி.எம்.ஐ. 17.8 வரும். 18.5க்குக் கீழே போனாலே எடை குறைவு. நம்ம ஊர்ப் பக்கம் அப்படி எத்தனை பொண்ணுங்க இருக்காங்கன்னு பஸ் ஸ்டாண்டுல நின்னு பாருங்க. இது அந்தப் பொண்ணோட தப்பா, இல்ல அவ தட்டுல என்ன விழுந்துச்சுங்கற கதையா?

இப்ப என் கதை. நான் பொட்டி தட்டுறவன். இதுவரைக்கும் மூணு கம்பெனி மாறிட்டேன். ஜாவா கேட்டான், டேட்டாபேஸ் கேட்டான், "அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க"ன்னு மொக்கை போட்டான். ஒருத்தனும் என் தொப்பையைக் கேக்கல. ரத்தம் எடுக்கல. கல்யாணம் எப்போன்னு கேட்டது எங்க அத்தை மட்டும்தான்!

அதே நேரம் உத்திரமேரூர்ல இருக்கற என் சித்தப்பா பொண்ணு, டிப்ளமோ படிச்சவ, இந்தப் பக்கம் ஒரு கம்பெனிக்கு (பேர் வேணாம்) ஏஜென்சி மூலமா போனா. முதல் கேள்வி கல்யாணம் ஆயிடுச்சா. ரெண்டாவது, குழந்தை இருக்கா. மூணாவது, கடைசியா எப்ப தலைக்கு ஊத்துனே. மெஷினைப் பத்தி ஒரு கேள்வி கிடையாது. "அண்ணா, நான் படிச்சதை எப்பண்ணா கேப்பாங்க?"ன்னு கேட்டா. என்கிட்ட பதில் இல்ல.

இது ஏதோ ஒரு ஏஜென்சிக்காரனோட புத்தின்னு விட்டுரலாமா? முடியாது. 2024 ஜூன்ல ராய்ட்டர்ஸ் ஒரு பெரிய கட்டுரை போட்டுச்சு. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில கல்யாணம் ஆன பெண்களை வேலைக்கு எடுக்கறதைத் தவிர்த்தாங்கன்னு. காரணமாச் சொன்னது குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், லீவு. மெட்டி, தாலி மாதிரி உலோகம் உற்பத்திக்கு இடைஞ்சல்னும் ஒரு சாக்கு. பாகுபாடு காட்டலைன்னு கம்பெனி மறுத்துச்சு. புதுசா எடுக்கறவங்கள்ல 25 சதவீதம் கல்யாணம் ஆனவங்கன்னு அரசாங்கத்துக்குச் சொன்னதா செய்தி வந்துச்சு. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசுகிட்ட அறிக்கை கேட்டுச்சு. விளம்பரத்துல வயசு, பாலினம், கல்யாணம் எல்லாம் போடாதீங்கன்னு ஏஜென்சிகளுக்கு உத்தரவு போச்சுன்னு அந்த வருஷ நவம்பர்லயே இன்னொரு செய்தி. சந்தோஷம். ஆனா விளம்பரத்துலேருந்து எடுத்துட்டா, கேக்கறவன் மனசுலேருந்தும் போயிடுமா?

தனியாரைத் திட்டினா மட்டும் போதாது. 1991ல நீரா மாத்தூர் எதிர் எல்.ஐ.சி. வழக்குல உச்சநீதிமன்றம் ஒரு காறித்துப்பல் கொடுத்துச்சு. வேலைக்கு வர்ற பொண்ணுகிட்ட மாதவிடாய் எப்போ, எத்தனை தடவை கர்ப்பம்னு படிவத்துல கேட்டிருந்தாங்க. அதையெல்லாம் தூக்குங்கன்னு சொல்லிட்டாங்க. முப்பது வருஷம் கழிச்சு, ஸ்டேட் பேங்க் மூணு மாசத்துக்கு மேல கர்ப்பமா இருந்தா "தற்காலிகத் தகுதியின்மை"ன்னு சுற்றறிக்கை விட்டு, எதிர்ப்பு கிளம்பவும் 2022 ஜனவரியில வாபஸ் வாங்குச்சு. அங்கேயே அப்படின்னா ஒரகடத்து காண்ட்ராக்டரைக் கேக்கவா வேணும்.

"பிரசவ லீவு கொடுத்தா முதலாளிக்கு நஷ்டம்தானே பாஸ்"னு ஒரு அறிவாளி பின்னூட்டத்துல வருவார். வாங்க. மாசம் 21,000 ரூபாய் வரைக்கும் சம்பளம் வாங்கறவங்க இ.எஸ்.ஐ.க்குள்ள வந்துடுவாங்க. அவங்களுக்கு அந்த 26 வாரச் சம்பளத்தைக் கொடுக்கறது கம்பெனி இல்ல, இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன். கம்பெனி கட்டறது சம்பளத்துல 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம். அதுவும் எல்லாருக்கும் சேர்த்து, ஆம்பளைக்கும்தான். அப்புறம் எங்க சார் நஷ்டம்? ஒரு ஆறு மாசம் அந்த இடத்துக்கு வேற ஆளைப் பழக்கணும். அந்தச் சோம்பேறித்தனத்துக்குப் பேரு ஃபிட்னஸ்!

சட்டத்துல ஓட்டை இல்லாம இல்ல. ஆண், பெண்ணுன்னு பார்த்து வேலைக்கு எடுக்கறதுல பாகுபாடு கூடாதுன்னு 1976 சட்டம் சொல்லுச்சு. அதுக்குப் பதிலா வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையேதான் சொல்லுது. கல்யாணம் ஆனதை வச்சு ஒதுக்காதேன்னு நேரா ஒரு வரி இல்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன். கல்யாணம் ஆன ஆம்பளையை எவனாவது கேட் வாசல்லயே திருப்பி அனுப்பறானா? அப்ப அது ஆண், பெண் பாகுபாடு இல்லாம வேற என்ன?

சரி, டெஸ்ட்டே வேணாமான்னு கேட்டா, வேணும். கட்டாயம் வேணும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவருக்குக் கண்ணு பார்க்கணும். பெயிண்ட் ஷாப் போறவருக்கு நுரையீரல் ஊதிப் பார்க்கணும். பிரஸ் ஷாப் போறவருக்குக் காது பார்க்கணும். இரைச்சலால வர்ற காதுக்கேளாமை, தொழிற்சாலைச் சட்டம் 1948 போட்ட தொழில்நோய்ப் பட்டியல்லயே இருக்கு. சேர்ற அன்னைக்குக் காது நல்லா இருந்துச்சுன்னு காகிதம் இருந்தாத்தான், எட்டு வருஷம் கழிச்சு கேக்காமப் போச்சுன்னா நஷ்டஈடு கேக்க முடியும். அந்தக் காகிதம் யாருகிட்ட இருக்கு? கம்பெனி பீரோவுல! இதைச் சொல்லிக் கொடுக்காம பீட்ரூட் சொல்லிக் கொடுக்கறீங்களேய்யா.

அப்ப இண்டர்வியூவுக்குத் தயாராகறதுன்னா என்ன? என் பட்டியல்:

1. எந்த வேலை, எந்த லைன், எத்தனை மணி நேரம் நிக்கணும்னு கேளுங்க. டெஸ்ட் அந்த வேலைக்குப் பொருந்துதான்னு பாருங்க.

2. ரிப்போர்ட் நகல் கேளுங்க. கொடுக்கலைன்னா அரசு ஆஸ்பத்திரியில நீங்களே ஒண்ணு எடுத்து வச்சுக்கோங்க.

3. ரத்தம் குறைவுன்னா மறைக்காதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல மாத்திரை சும்மாவே கிடைக்கும். மறைச்சுட்டுப் போய் நைட் ஷிஃப்ட்ல மயங்கி விழறது நீங்கதான், டிப்ஸ் கொடுத்தவன் இல்ல.

4. வேலை கொடுக்கறதுக்கு முன் நிபந்தனையா எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கறது 2018 செப்டம்பர்ல அமலுக்கு வந்த சட்டப்படி தப்பு. இதைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

5. திருப்பிக் கேளுங்க. சாப்பாடு யாரு சமைக்கறா? ஹாஸ்டல் ரூம்ல எத்தனை பேரு? குழந்தைக் காப்பகம் எங்க? 50 பேருக்கு மேல வேலை செஞ்சா காப்பகம் வேணும்னு 2017 திருத்தமே சொல்லிடுச்சு.

அஞ்சாவதை ஏன் சொல்றேன்னா, 2021 டிசம்பர்ல என்ன நடந்துச்சு? அதே ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டுல விஷமாகி நூத்துக்கும் மேல ஆஸ்பத்திரி போனாங்க. தோழிகள் சென்னை-பெங்களூரு ரோட்டுல உக்காந்தப்புறம்தான் உலகம் எட்டிப் பார்த்துச்சு. ஆப்பிள் ஆலையைக் கண்காணிப்புல வச்சுச்சு, 2022 ஜனவரியிலதான் மறுபடி திறந்தாங்க. அந்தப் பொண்ணுங்க வேலைக்கு எடுக்கற அளவுக்கு ஆரோக்கியமாத்தான் வந்தாங்க. அன்னைக்கு அன்ஃபிட் ஆனது சமையல்கட்டு.

2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல 18,720 பேர் தங்கற மகளிர் விடுதியை அரசு திறந்துச்சு. 706 கோடிக்கு மேல செலவு. நல்ல காரியம், கைதட்டறேன். ஆனா கைக்குழந்தைக்காரி அங்க போய்ப் படுக்க முடியாதே. விடுதி கட்டற வேகத்துல காப்பகமும் கட்டினாத்தான் கல்யாணம் ஆனவளும் இந்த ரோட்டுல வேலை பார்க்க முடியும்.

மெட்டியைக் கழட்டிட்டுப் போன்னு சொல்றதை நிறுத்துங்க மக்களே. கழட்ட வேண்டியது அந்தக் கேள்வியை.

டிஸ்கி: ஏஜென்சிக்காரங்க யாராவது படிச்சா தாராளமா பின்னூட்டத்துல சண்டைக்கு வாங்க. அனானியா வேணாம், சொந்தப் பேர்ல வாங்க.