திருத்திய நெல்லும் தாய் நெல்லும்

மும்பையின் டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பெயரைக் கேட்டதும் அணு உலைகளை நினைப்பவர்களே மிகுதியெனினும், அதே வளாகத்தில் பயிர்களைத் திருத்தும் பணியும் பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. நிலக்கடலை, உளுந்து, துவரை, பாசிப்பயறு, கடுகு என 70-க்கும் மேற்பட்ட பயிர் ரகங்கள் அங்கு உருவாகி உழவர்களிடம் சென்றுள்ளன. அண்மை ஆண்டுகளில் இம்மையம், ராய்ப்பூரிலுள்ள இந்திரா காந்தி வேளாண் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, துப்ராஜ், விஷ்ணுபோக், ஜவாபூல், சோனாகாட்டி, சஃப்ரி முதலிய சத்தீஸ்கர் நெல் வகைகளிலிருந்து உயரம் குறைந்த, விரைவில் முற்றும் புதிய ரகங்களைப் பெற்று வெளியிட்டிருக்கிறது. இது மனமாரப் பாராட்டத்தக்க பணி. எனினும், புதிய ரகத்தைப் பெறச் செலவிடும் அரசு, அதை ஈன்ற தாய் ரகம் தன் ஊர் வயலிலேயே தொடர்ந்து விளைவதற்கான பொறுப்பையும் அதே திட்டத்தில், நிதி ஒதுக்கீட்டோடு, எழுதியாக வேண்டும். இதை இனியும் உழவரின் பற்றுக்கும் தன்னார்வலரின் உழைப்புக்கும் விட்டுவைப்பது முறையன்று.

டிராம்பேயில் கையாளப்படும் முறைக்குச் சடுதிமாற்ற இனப்பெருக்கம் என்று பெயர். விதைகளின் மீது காமா கதிர் போன்ற கதிர்வீச்சைச் செலுத்தினால் அவற்றின் மரபுப் பொருளில் ஆங்காங்கே மாற்றங்கள் நிகழும். அவ்விதைகளை விதைத்து, முளைத்த ஆயிரக்கணக்கான செடிகளில் விரும்பிய மாற்றம் அமைந்த ஒரு சிலவற்றைத் தெரிந்தெடுத்து, அம்மாற்றம் நிலைபெறும் வரை பல தலைமுறைகள் பயிரிட்டுப் பார்ப்பார்கள். நாட்டு நெல்லுக்கு இம்முறை மிகவும் பொருந்துகிறது. துப்ராஜ் போன்ற மணமுள்ள நெல் உயர்ந்து வளர்வதால் கதிர் முற்றும் வேளையில் மழையும் காற்றும் வந்தால் சாய்ந்துவிடுகிறது. அறுவடைக்கு நெடுநாள் காத்திருக்கவும் வேண்டும். வேறொரு ரகத்தோடு கலப்புச் செய்தால் இரண்டின் பண்புகளும் கலந்து மணமும் சுவையும் சிதறக்கூடும். கதிர்வீச்சிலோ ஓரிரு பண்புகள் மட்டும் மாறி மற்றவை தாய் ரகத்தில் இருந்தவாறே நிற்கும் செடியைத் தேடிக் கண்டுபிடிக்க இயலும். இங்கே நினைவில் இருத்த வேண்டியது ஒன்றுண்டு. துப்ராஜின் மணத்தைக் கதிர்வீச்சு படைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கதிர் பார்த்து விதைக்கு எடுத்துவைத்த குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், அதைத் தேர்ந்து தேர்ந்து நிலைக்கச் செய்திருந்தார்கள். ஆய்வுக்கூடம் தொடங்கிய புள்ளி அவர்கள் வந்து சேர்ந்திருந்த புள்ளியாகும்.

அந்த உழைப்பின் அளவை உணர்ந்து மதித்த முதன்மையான அறிவியலாளர் ஆர்.எச்.ரிச்சாரியா. கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்த அவர், 1970-களில் ராய்ப்பூரில் பணியாற்றியபோது சத்தீஸ்கர் வட்டாரமெங்கும் ஊர் ஊராக நெல் வகைகளைத் திரட்டினார். இன்று ராய்ப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் உள்ள 23,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளின் அடித்தளம் அவர் திரட்டியதே. விதைகளைத் திரட்டி ஒரே இடத்தில் பூட்டிவைப்பதோடு அவர் நிறைவடையவில்லை. அந்தந்த வட்டாரத்திலேயே சிறு நெல் மையங்கள் அமைத்து, அங்குள்ள உழவர்களைக் கொண்டே ரகங்களைக் காத்துத் திருத்த வேண்டும் என்று வாதிட்டார். அந்த யோசனை செயலுக்கு வரவில்லை. 2002-இல், அதே மாதிரிகளை அணுக சின்ஜென்டா என்னும் பன்னாட்டு விதை நிறுவனத்தோடு பல்கலைக்கழகம் பேச்சு நடத்தியது வெளிப்பட்டதும் உழவர்களும் பொதுமக்களும் கிளர்ந்தெழுந்தனர்; அவ்வாண்டின் இறுதியில் நிறுவனம் விலகிக்கொண்டது. உழவர் கொடுத்த விதை எவருடையது என்று அன்று எழுந்த கேள்வி, அரசு நிறுவனங்கள் இரண்டு இணைந்து செய்யும் பணி என்பதனால் மட்டும் இன்று தீர்ந்துவிடவில்லை.

விதைகளைக் குளிரூட்டிய அறையில் சேமிக்கும் மரபணு வங்கிகள் இருக்கையில் வயலில் வேறு காப்பதேன் என்று கேட்பவர்கள் உண்டு. அவ்வங்கிகளின் பயன் பெரிது. 1970-களில் நெற்பயிரைப் புல்லைப்போல் குட்டையாக்கிப் பாழ்படுத்திய ஒரு நச்சுயிரி நோய்க்கு எதிர்ப்பாற்றலைத் தேடிய பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம், 6,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்து, உத்தரப் பிரதேசத்திலிருந்து கிடைத்த ஒரேயொரு காட்டு நெல் மாதிரியில் அதைக் கண்டடைந்தது. ஆனால் அந்த ஆற்றல் குளிரறையில் உருவானதன்று. நோயும் பூச்சியும் வெயிலும் வெள்ளமும் உள்ள திறந்த வெளியில் காலங்காலமாக வாழ்ந்ததால் உருவானது. குளிரறைக்குள் சென்ற விதை, சென்ற நாளின் நிலையிலேயே நின்றுவிடுகிறது. வெளியே மழையின் போக்கும் நோயின் வகையும் மாறிக்கொண்டே செல்கின்றன. வயலில் ஆண்டுதோறும் விதைக்கப்படும் நாட்டு ரகமோ அம்மாற்றங்களோடு சேர்ந்து தானும் மாறுகிறது. அந்த நெல்லை எந்த மண்ணில், எப்போது விதைப்பது, எதற்குச் சமைப்பது என்னும் அறிவும் பயிரிடும் குடும்பத்தோடுதான் உயிர்வாழ்கிறது.

டிராம்பேயின் வெற்றிகளில் ஒன்றே, ஒரே ரகத்தைச் சார்ந்திருப்பதற்கு எதிரான எச்சரிக்கையாகவும் அமைகிறது. 1980-களில் மகாராஷ்டிரத்துக்கென வெளியான டிஏயு-1 என்னும் உளுந்து ரகம், உழவர்களின் விருப்பத்தைப் பெற்று, மாநிலத்தின் உளுந்துப் பரப்பில் மிகப் பெரும்பகுதியில் பரவியது. ஒரு ரகம் அவ்வாறு பரவுவது அதன் தரத்துக்குச் சான்று. அதே வேளையில், வெள்ளை ஈயால் பரவும் மஞ்சள் தேமல் போன்ற நோய் அந்த ஒரு ரகத்தைத் தொற்றிப் பரவும் நாளில் மாநிலம் முழுவதும் ஒருசேரத் தாக்குண்ணும் என்பதும் உண்மை. மும்பையின் தாராவியில் இட்லி அவித்து நகரெங்கும் விற்கும் குடும்பங்களுக்கும் மாதுங்காவின் உணவகங்களுக்கும் உளுந்து விலை என்பது தொலைவிலுள்ள செய்தியன்று.

நாட்டு ரகம் விளைச்சல் குறைந்தது, ஏழை உழவரை அதனோடு கட்டிப்போடுவது அநீதி என்னும் மறுப்பு மிகவும் வலுவானது. அதில் நேர்மையும் இருக்கிறது. நாட்டின் பொது நன்மைக்காக ஓர் உழவர் தன் வருமானத்தை இழக்க வேண்டும் என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. ஆகவேதான் அந்த இழப்பை நாடு ஈடுசெய்ய வேண்டும் என்கிறோம். இப்போதைய கொள்கை நேர்மாறாக இயங்குகிறது. சத்தீஸ்கர் அரசு ஏக்கருக்கு 21 குவிண்டால் வரை, குவிண்டாலுக்கு 3,100 ரூபாய் என்று நெல்லைக் கொள்முதல் செய்கிறது. இது உழவருக்கு நல்ல விலைதான், ஆனால் எடைக்குத் தரும் விலையாதலால் குறைவாக விளையும் மணநெல்லைப் பயிரிடுபவர் ஒவ்வொரு பருவத்திலும் நட்டப்படுகிறார். உழவர் எவ்வளவு விரைவாகக் கடை விதைக்கு மாறுகிறார் என்பதை அளக்கும் விதை மாற்று விகிதமும், சொந்த விதை வைத்திருப்பதைப் பின்தங்கிய நிலையாகவே கணக்கிடுகிறது.

நாட்டு இனங்களைக் காப்பதில் கால்நடைகளின் நிலைமை இன்னும் கடுமையானது. நெல்லைப் போல ஆயிரக்கணக்கில் வளர்த்து ஒன்றைத் தேர்வது மாட்டில் நடவாது. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, முந்தைய கணக்கெடுப்போடு ஒப்பிடுகையில், நாட்டு மாடுகள் ஏறத்தாழ 6 விழுக்காடு குறைந்தன. அயலின, கலப்பின மாடுகள் ஏறத்தாழ 27 விழுக்காடு பெருகின. மகாராஷ்டிரத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையில் அகோலே, இகத்புரி வட்டாரங்களில் வாழும் டாங்கி மாடு, தோலில் கசியும் எண்ணெய்ப் பசையால் இடைவிடாத மழையிலும் நின்று உழைக்க வல்லது. உழவுக்கு டிராக்டர் வந்தபின் காளைக்கு விலையில்லாமல் போனால், பால் குறைந்த பசுவை மட்டும் எவரும் வளர்க்கமாட்டார்கள். அதே அகோலே வட்டத்தின் கொம்பாள்ணே ஊரில் அவரை முதலிய நாட்டு விதைகளைத் திரட்டிக் காத்த ராஹிபாய் போபெரேவுக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. விருது தகும்; ஆனால் விருதைக் கொண்டு விதைக் கிடங்கு நடத்த முடியாது.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், உழவர் ரகங்களைப் பதிவுசெய்யவும், புதிய ரகத்துக்கு மூலம் தந்த சமூகம் பயனில் பங்கு கோரவும், தேசிய மரபணு நிதியத்திலிருந்து காப்புப் பணிக்குச் செலவிடவும் ஏற்கெனவே இடந்தருகிறது. 2004-இல் நடைமுறைக்கு வந்த, உணவுப் பயிர்களின் மரபு வளங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையும் உழவர் உரிமைகளை நிறைவேற்றும் பொறுப்பை அந்தந்த நாட்டு அரசிடமே ஒப்படைத்தது. ஆதலால், நாட்டு ரகத்திலிருந்து எடுத்த எந்தப் புதிய ரகத்தையும் வெளியிடுமுன் தாய் ரகம் அது வழங்கும் ஊர்களின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். அவ்வூர்களில் அதைப் பயிரிட முன்வரும் குடும்பங்களுக்கு, புதிய ரகத்தை விதைப்பவரின் வருமானத்துக்கு ஈடாகும் தொகை ஆண்டுதோறும் வங்கிக் கணக்கில் சேர வேண்டும். அதற்கான செலவு ஆய்வுத் திட்டத்தின் மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும். டாங்கி போன்ற மாட்டினங்களை அவற்றின் வட்டாரத்தில் வளர்ப்போருக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். டிராம்பேயும் ராய்ப்பூரும் தம் அடுத்த நெல் ரகத்தை வெளியிடும்போது, அதன் தாய் ரகம் எந்தெந்த ஊர்களில், எத்தனை ஏக்கரில் விளைகிறது என்னும் விவரத்தையும் அந்த அறிவிப்போடு சேர்த்தே வெளியிடட்டும்.