எல்லைச் சட்டத்துக்குள் வந்த கண்காணிப்பு

2025 யூன் 3ஆம் திகதி கனடிய நாடாளுமன்றத்தின் பொதுச் சபையிலே சி-2 என்ற இலக்கத்தைத் தாங்கிய சட்டமூலம் ஒன்று முன்வைக்கப்பட்டது. பலமான எல்லைகள் சட்டம் என்பது அதன் சுருக்கப் பெயர். அமெரிக்க எல்லை, போதைப்பொருள், களவாடப்பட்ட வாகனங்கள் என்றே செய்திகளில் அது பேசப்பட்டமையால், எம்மவரில் பலர் அதனை எல்லைக் காவல் தொடர்பான விடயமாகக் கருதிக் கடந்து சென்றனர். வார இறுதி வகுப்பு முடிந்து பிள்ளைகளை அழைத்துச் செல்ல வந்த பெற்றோரிடம் நான் இதுபற்றிக் கூறியபோது, ஒரு தாயார் கேட்டார்: "தம்பி, நாங்கள் எல்லைப் பக்கமே போறேல்லை. எங்களுக்கென்ன?"

அச்சட்டமூலம் பதினாறு பகுதிகளைக் கொண்டது. பதினான்காம், பதினைந்தாம் பகுதிகளுக்கும் எல்லைக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் எவரிடமும், இன்னார் உங்களிடம் சேவை பெறுகிறாரா, எப்போது, எந்த ஊரில் பெற்றார் என்று நீதிபதியின் ஆணையின்றியே பொலிஸார் வினவுவதற்குப் பதினான்காம் பகுதி வழி செய்தது. நியாயமான சந்தேகம் இருந்தாற் போதும். கேட்கப்பட்டவர் அதனை நீதிமன்றத்தில் ஆட்சேபிக்க விரும்பினால், அவருக்குக் கிடைத்த அவகாசம் ஐந்து நாட்கள்.

"உள்ளடக்கத்தைக் கேட்கவில்லையே, சேவை பெற்றாரா என்று மட்டும்தானே கேட்கிறார்கள்" என்று இளையோர் சிலர் என்னிடம் வாதிட்டனர். இருபது ஆண்டுகளாகத் தரவுத்தளங்களோடு வாழ்பவன் என்ற முறையில் கூறுகிறேன்: உள்ளடக்கத்தை விட இத்தகைய விபரமே பல வேளைகளில் அதிகம் பேசும். ஒருவர் எந்த மனநல ஆலோசகரிடம் செல்கிறார், எந்தக் குடிவரவுச் சட்டத்தரணியை நாடினார் என்பவற்றை அறிந்தவருக்கு, அங்கே என்ன உரையாடப்பட்டது என்பதை ஊகிக்க அதிக நேரம் தேவைப்படாது. கனடிய உச்ச நீதிமன்றமும் இதை உணர்ந்தே இருக்கிறது. 2014இல் ஸ்பென்சர் வழக்கில், இணையச் சந்தாதாரரின் அடையாளத்தை ஆணையின்றிப் பெறுவது உரிமைகள் சாசனத்தின் 8ஆம் பிரிவுக்கு முரணான தேடுதல் என்று அது தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் பைகோவெட்ஸ் வழக்கில் ஐபி முகவரிக்கும் அப்பாதுகாப்பை விரித்தது. நீதிமன்றம் சாத்திய கதவின் பக்கத்திலே புதியதொரு சாளரம் திறக்கும் முயற்சியாகவே பதினான்காம் பகுதி எனக்குப் படுகிறது.

பதினைந்தாம் பகுதி பொறியியலாளரைத் திகைக்க வைப்பது. மின்னணுச் சேவை நிறுவனங்கள் தமது கட்டமைப்பிலே அரச அணுக்கத்துக்கான வசதியை முன்கூட்டியே அமைத்து வைக்க வேண்டும்; அமைச்சரின் கட்டளையை வெளியே சொல்லவும் கூடாது. அமைப்பு முழுவதையும் பலவீனமாக்கும்படி எந்த நிறுவனத்தையும் கட்டாயப்படுத்த முடியாது என்ற விதிவிலக்கு ஒன்றும் எழுதப்பட்டிருந்தது. ஆனால், நல்லவருக்கு மட்டும் திறந்து தீயவருக்குத் திறக்காத வழியை இதுவரை எவரும் கட்டியதில்லை. கிரேக்கத்தில் 2004, 2005ஆம் ஆண்டுகளில், சட்டபூர்வ ஒட்டுக்கேட்புக்கென இருந்த மென்பொருளையே இனந்தெரியாதோர் பயன்படுத்தி, பிரதமர் கரமன்லிஸ் உட்பட நூறுக்கும் அதிகமானோரின் கைத்தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டனர். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொலைபேசி நிறுவனங்கள் அமைத்த ஒட்டுக்கேட்பு வசதிகளுக்குள், சீனாவுடன் தொடர்புடைய சால்ட் டைபூன் குழு புகுந்தது 2024இல் வெளிவந்தது.

பொலிஸாரின் சிரமம் பொய்யல்ல. இணையத்தில் சிறுவரைச் சீரழிப்போரைத் தேடும் அதிகாரி காலதாமதத்தால் படும் வேதனையை நான் மறுக்கவில்லை. அந்தத் தேவையை வெளிப்படையாக வைத்து, தனிச் சட்டமூலமாகக் கொண்டுவந்து, வல்லுனரை அழைத்து விவாதித்திருக்கலாமே! நடப்பதோ வேறு. 2012 பெப்ரவரியில் வந்த சி-30 சட்டமூலத்துக்கு, இணைய வேட்டையாளரிடமிருந்து சிறுவரைப் பாதுகாக்கும் சட்டம் என்று பெயரிட்டார்கள். எதிர்ப்பு வலுத்து, மறு ஆண்டே அது கைவிடப்பட்டது. 2015இல் சி-51 ஆராயப்பட்டபோது, பொதுச் சபைக் குழு தனியுரிமை ஆணையாளரையே சாட்சியமளிக்க அழைக்கவில்லை. 2025 ஒக்டோபரில் அரசு சி-2இன் பல பகுதிகளைப் பிரித்தெடுத்து சி-12 என்ற பெயரில் முன்வைத்தது. அதில் இவ்விரு பகுதிகளும் இல்லை. அஞ்சலில் உள்ள கடிதங்களைத் திறக்கும் அதிகாரத்தை விரிவாக்கிய பகுதியும் இல்லை. எல்லைக்கு அவை இன்றியமையாதன அல்ல என்பது அப்பிரிப்பிலேயே தெரிந்தது.

இனி, எம்மிடையே பேசத் தயங்கும் விடயம். சி-2ஐ முன்வைத்த பொதுப் பாதுகாப்பு அமைச்சர் ஹரி ஆனந்தசங்கரி 2015 முதல் எமது ரூஜ் பகுதி மக்களால் தெரிவு செய்யப்பட்டவர், மனித உரிமைச் சட்டத்தரணி, தமிழர். "எங்கட பிள்ளை கொண்டுவந்தது பிழையாயிருக்காது" என்று பெரியவர்கள் கூறுவதை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆயினும் அமைச்சர்கள் மாறுவர், சட்டம் இருக்கும். நாளை அதே கதிரையில் அமர்பவர் எம்மை எப்படி நோக்குவார் என்பதை எவர் அறிவார்?

இதை எமக்கு வேறொருவர் கற்பிக்க வேண்டியதில்லை. இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரிலேயே தற்காலிக ஏற்பாடுகள் என்ற சொற்கள் உள்ளன. மூன்றாண்டுகளுக்கென வந்தது, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் நீடித்தது. அண்மையில் 2024 சனவரி 24 அன்று, நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 108க்கு 62 என்ற வாக்குகளால் அங்கே நிறைவேறியது. உயர் நீதிமன்றம் கூறிய திருத்தங்கள் யாவும் உள்ளடக்கப்படவில்லை என்று எழுந்த குற்றச்சாட்டு, சபாநாயகர் மீதான நம்பிக்கையில்லாப் பிரேரணை வரை சென்றது. நான் சிறுவனாயிருந்தபோது, எங்கள் வீட்டுக்கு வந்த கடிதங்களின் ஓரம் வெட்டப்பட்டு மீண்டும் ஒட்டப்பட்டிருக்கும். அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பிரிப்பார். நலம் விசாரிப்பைத் தவிர அவற்றில் எதுவும் இராது. எழுதியவர் அதற்கு மேல் எழுதத் துணியவில்லை என்பது எனக்குப் பின்னரே விளங்கியது.

பல்கலைக்கழகத்தில் பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், பதினான்காம் பகுதியை ஒருமுறை பெற்றோருக்குத் தமிழில் வாசித்து விளக்குங்கள். நாடாளுமன்ற இணையத்தளத்தில் அது கிடைக்கிறது. இதே அதிகாரங்கள் வேறு இலக்கத்தோடு வரும்போது, முதல் வாசிப்பு நாளிலேயே எமது உறுப்பினரிடம் மூன்று கேள்விகள் கேட்போம்: நீதிபதி எங்கே? எவ்வளவு காலத்துக்கு? தனியுரிமை ஆணையாளரை அழைத்தீர்களா? பொதுச் சபை முகவரியிட்டு நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதும் கடிதத்துக்கு முத்திரை ஒட்ட வேண்டியதில்லை.