வால்வு மாற்றும் மோகம்!

வால்வு ரேடியோ மறைந்துவிட்டது. ஆனால் வால்வு மறையவில்லை!

1906-ல் அமெரிக்கர் லீ டி பாரஸ்ட் மூன்று முனை வால்வை உருவாக்கினார். 1947-ல் டிரான்சிஸ்டர் வந்தது. நாளடைவில் ரேடியோவிலிருந்து வால்வு வெளியேறியது. இப்பொழுது, ஹெட்போனில் பாட்டுக் கேட்க உதவும் மலிவான சீன ஆம்ப்ளிபயர்களில் அது மீண்டும் தணல்போல் ஒளிர்கிறது.

இந்த வால்வைக் கழற்றி, வேறு வால்வைச் செருகலாம். "பழைய காலத்து வால்வு போட்டால் பாட்டு இனிக்கும்" என்கிறார்கள். ஆம்ப்ளிபயரைவிட அதிக விலை கொடுத்து வால்வு வாங்குவோரும் உண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

செருகினால் போதுமா?

12ஏயு7, 6டிஜே8 என்ற இரு வால்வுகளுக்கும் ஒன்பது ஊசிகள். ஒரே குழியில் உட்காரும். ஆனால் 12.6 வோல்ட் தரும் குழியில் 6.3 வோல்ட் வால்வான 6டிஜே8-ஐச் செருகினால், உள்ளே சூடேறும் கம்பி கருகிவிடும். இத்தகைய பெயர்களில் முதல் எண்ணே வோல்ட்டைக் காட்டுகிறது. அதைப் பார்க்க வேண்டாமா?

சிலர் பெட்டியையே திறந்து கண்டென்சரை மாற்றுகிறார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து! அது தொழில் தெரிந்தவர் வேலை.

வால்வு தேய்ந்தால் மாற்றுங்கள். மின்சாரத்தை நிறுத்தி, சூடு ஆறியபின் மாற்றுங்கள். கையில் மீதிப் பணம் இருந்தால் நல்ல ஹெட்போன் வாங்குங்கள். வால்வு தரும் மாற்றத்தைவிட அது தரும் மாற்றமே பெரிது.

காதுக்கு இனிமை தேடலாம். அதற்காக உயிரைப் பணயம் வைக்கலாமா?