போர் பேசும் வேட்பாளரும் பினாங்கு இழந்த வாக்கும்

கெக் லோக் சி கோயிலின் அடிவாரத்திலிருந்து அடுக்குமாடி வீடுகளாக விரிந்து செல்லும் ஆயர் ஈத்தாம், புக்கிட் குளுகோர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கிய மூன்று சட்டமன்றத் தொகுதிகளுள் ஒன்று. தேர்தல் காலத்தில் இங்கு வாக்குக் கேட்டு வருபவரிடம் மலைச்சரிவு, வெள்ளம், போக்குவரத்து நெரிசல், பழுதாகிக் கிடக்கும் மின்தூக்கி ஆகியவை பற்றியே கேள்விகள் எழுகின்றன. காஸாவைப் பற்றியோ தென்சீனக் கடலைப் பற்றியோ அவர் பேசினால், அது கைதட்டலுக்கான மேடைப் பேச்சாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. அந்தப் பேச்சுக்கும் மின்தூக்கிக்கும் தொடர்பில்லை என்று கருதுவது இயல்பே என்றாலும், பினாங்கின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. இத்தீவின் மக்கள் தங்கள் நகர நிர்வாகத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை இழந்தது ஒரு போரினால்தான். அந்தப் போரை முதன்மைப் பொருளாக வைத்து நடந்த பொதுத்தேர்தலில் வாக்களித்தவர்களுக்கு, தங்கள் வாக்கின் விலையில் அதுவும் அடங்கியிருந்தது தெரியாது.

இதை விளங்கிக்கொள்ள, மலேசிய அரசியலமைப்பு வெளியுறவை யாரிடம் ஒப்படைத்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை, எந்தெந்தத் துறைகளில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம், எவை மாநிலங்களுக்கு உரியவை என்று பட்டியலிடுகிறது. அதில் வெளிநாட்டு உறவு, ஒப்பந்தங்கள், தற்காப்பு, போர், அமைதி அனைத்தும் கூட்டரசுப் பட்டியலில் உள்ளன. ஆகவே சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் போரைப் பற்றி என்ன கருதினாலும் அதைச் செயலாக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. நாடாளுமன்ற வேட்பாளரின் நிலையும் வெளியில் தோன்றும் அளவுக்கு வலுவானதன்று. பிற நாடுகளுடன் ஒப்பந்தம் செய்வது அரசின், அதாவது அமைச்சரவையின், நிர்வாக அதிகாரமாகவே நடைமுறையில் இருந்து வருகிறது. ஒப்பந்தத்தை உள்நாட்டில் அமலாக்கச் சட்டம் தேவைப்படும்போதுதான் நாடாளுமன்றம் அதைத் தொடுகிறது. அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சாசனத்தில் 2019 மார்ச் மாதம் மலேசியா இணைந்ததும், ஏப்ரல் 5 அன்று விலகுவதாக அறிவித்ததும் இதற்குத் தக்க சான்று. போர்க்குற்றம் பற்றிய ஓர் அனைத்துலகக் கடப்பாடு ஒரே மாதத்தில் வந்து மறைந்தது. இணைவதற்கும் விலகுவதற்கும் மக்களவையின் வாக்கெடுப்பு தேவைப்படவில்லை.

போரும் வாக்கும் நேருக்கு நேர் சந்தித்த தேர்தல் 1964 ஏப்ரல் 25 அன்று நடந்தது. 1963 செப்டம்பர் 16 அன்று மலேசியா உருவானதை ஏற்க மறுத்த இந்தோனேசிய அதிபர் சுகார்னோ, ‘கொன்ஃபிரண்டாசி’ எனப்பட்ட எதிர்ப்பு நடவடிக்கையைத் தொடங்கியிருந்தார். முறையாகப் போர் அறிவிக்காமல், எல்லை ஊடுருவல், நாசவேலை, வணிகத் தடை ஆகியவற்றால் ஒரு நாட்டை நெருக்குவதே அதன் முறை. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான கூட்டணி, நாட்டைக் காப்பவர் யார், காட்டிக்கொடுப்பவர் யார் என்ற ஒரே கேள்வியாகத் தேர்தலைச் சுருக்கிக்கொண்டு, 104 இடங்களில் 89-ஐ வென்றது. எதிர்ப்பக்கத்தில் நின்ற சோஷலிஸ்ட் முன்னணி, மக்களைக் கேட்காமல் மலேசியா அமைக்கப்பட்டதையும், பிரிட்டிஷ் படைகளுக்கு இங்குத் தளம் தந்த 1957-ஆம் ஆண்டின் ஆங்கிலோ-மலாயா தற்காப்பு ஒப்பந்தத்தையும் எதிர்த்து வந்த கட்சி. அம்முன்னணி 1959-இல் பெற்றிருந்த எட்டு இடங்கள் இரண்டாகக் குறைந்தன. கூடுதல் தொகுதிகளில் நின்றதால் அதன் வாக்கு விழுக்காடு உண்மையில் உயர்ந்திருந்தது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

அந்த இரண்டில் ஒன்று பினாங்கில் கிடைத்தது. டத்தோ கெராமட் தொகுதியில் வழக்கறிஞர் லிம் கியன் சியூ தம் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டார். சுகார்னோவின் ஆள் என்று எதிர்முகாம் முத்திரை குத்திய ஒரு கட்சியின் வேட்பாளருக்கு, போர்க் காய்ச்சல் உச்சத்தில் இருந்த நேரத்தில், ஒரு நகரத் தொகுதி ஏன் வாக்களித்தது? முன்னணியின் அங்கமான தொழிற்கட்சியின் பல ஆண்டு நகராட்சிப் பணி அதில் பாதியை விளக்கும். ஜோர்ஜ்டவுன் 1957-இல் மாநகர் தகுதி பெற்றதற்குப் பின் அக்கட்சியே அதன் மாநகர் மன்றத்தை நடத்தி வந்தது, டி.எஸ்.ராமநாதன் என்ற தமிழர் அக்கட்சியின் சார்பில் மேயராக இருந்தார். மறுபாதி வணிகத்தில் இருக்கிறது. சுமத்ராவின் விளைபொருள்களை வாங்கி உலகுக்கு விற்கும் இடைத்துறைமுகமாகவே பினாங்கு வாழ்ந்து வந்தது. தொகுதியின் பெயரையே தாங்கிய டத்தோ கெராமட் சாலையில் ஈய உருக்காலை ஒன்று இயங்கியது. இந்தோனேசிய ஈய மணல் உருக்குவதற்காகப் பினாங்குக்கு வந்துகொண்டிருந்தது. 1963 செப்டம்பரில் இந்தோனேசியா வணிகத்தை அறுத்துக்கொண்டபோது துறைமுகத் தொழிலாளியும் உருக்காலைத் தொழிலாளியும் கிடங்குக்காரரும் அதன் அடியை வாங்கினார்கள். கோலாலம்பூரில் அது தேசப் பெருமையின் பிரச்சினையாகப் பேசப்பட்டபோது, பினாங்கில் அது கூலிப் பிரச்சினையாகவும் இருந்தது.

இதனால் சோஷலிஸ்ட் முன்னணியின் வெளியுறவுக் கொள்கை முழுவதும் சரி என்று ஆகிவிடாது. சுகார்னோவின் நடவடிக்கை ஓர் ஆக்கிரமிப்பு. 1964 ஆகஸ்டில் பொந்தியானில் இந்தோனேசியப் படையினர் கரையிறங்கியதும், செப்டம்பர் தொடக்கத்தில் லாபிஸில் வான்குடையில் குதித்ததும் அதை மறுக்க முடியாதபடி காட்டின. அயலாரின் ஊடுருவல் ஏற்கெனவே தொடங்கியிருந்த தேர்தல் நேரத்தில் படைத்தளம் வேண்டாம் என்று பேசியது வாக்காளருக்கு ஏற்புடையதாக இல்லாததில் வியப்பில்லை. ஆனால் அம்முன்னணி எழுப்பிய கேள்விகளுள் ஒன்று, அதாவது போரின் பெயரால் அரசு உள்நாட்டில் எடுத்துக்கொள்ளும் அதிகாரத்துக்கு எல்லை என்ன என்பது, விடை பெறாமலே போயிற்று. லாபிஸ் சம்பவத்துக்கு மறுநாள், செப்டம்பர் 3 அன்று, நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. நெருக்கடி நிலை என்பது அரசியலமைப்பின் 150-ஆவது விதி அனுமதிக்கும் ஏற்பாடு. நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து எனக் கருதும்போது வழக்கமான உரிமைகளையும் நடைமுறைகளையும் மீறிச் சட்டம் செய்ய அது அரசுக்கு வழிவிடுகிறது. அந்த அதிகாரத்தைக் கொண்டே 1965 மார்ச் 1 அன்று ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தல் நடக்கும் என்று துங்கு நாடாளுமன்றத்தில் உறுதியளித்தார். 1966 ஆகஸ்ட் 11 அன்று ஜகார்த்தாவில் உடன்பாடு கையெழுத்தாகி அமைதி திரும்பியது, தேர்தல் திரும்பவில்லை. அதே ஆண்டில் ஜோர்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் பொறுப்புகளை மாநில அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது.

இங்கே ஒரு தமிழ்ப் பெயரை நினைவுகூர்வது தகும். ஊராட்சி அமைப்புகளை ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் ம.இ.கா. தலைவர்களுள் ஒருவரான செனட்டர் ஆதி நாகப்பன். அவருடைய துணைவியார் ஜானகி, நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் அதிகாரியாகப் பணியாற்றியவர். வேறொரு நாட்டின் விடுதலைக்கான போர் இந்நாட்டுத் தோட்டங்களிலும் நகரங்களிலும் எத்தனை குடும்பங்களைத் தொட்டது என்பதை நன்கு அறிந்த இல்லம் அது. ஆளும் கூட்டணியைச் சேர்ந்தவரே தலைவராக இருந்தும், ஆணையம் 1968-இல் அளித்த அறிக்கை தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றே பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், போர்க்காலத்தின் தற்காலிக நிறுத்தத்தை நிரந்தர நீக்கமாக மாற்றி, மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறையை நிலைநாட்டியது. தேர்தலை மீட்கப் பினாங்கு 2012-இல் இயற்றிய மாநிலச் சட்டம் 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது. எனவே ஆயர் ஈத்தாம் வாக்காளர் இன்று குப்பை அள்ளப்படவில்லை என்று முறையிடும் மாநகர் மன்ற உறுப்பினர் அவருடைய வாக்கைப் பெற்றவர் அல்லர். இதற்கான காரணத்தைத் தேடிப் போனால் அது லாபிஸின் வான்குடைகளில் போய் நிற்கிறது.

1964 தேர்தலுக்குப் பத்து ஆண்டுகள் கழித்து வெளியுறவு வேறு வேடத்தில் தேர்தலுக்கு வந்தது. பிரதமர் துன் அப்துல் ரசாக் 1974 மே 31 அன்று பெய்ஜிங்கில் சீனாவுடன் உறவு ஏற்படுத்தும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்; ஆகஸ்டில் நடந்த பொதுத்தேர்தலில் அவர் சீனத் தலைவர்களுடன் எடுத்துக்கொண்ட படங்கள் ஆளும் தேசிய முன்னணியின் சுவரொட்டிகளாயின. ஆயர் ஈத்தாம் போன்ற சீனர் மிகுந்த பகுதிகளில் அது வாக்குச் சேகரிக்கும் உத்தி என்பதை யாரும் மறைக்கவில்லை. எனினும் அந்தச் சுவரொட்டிக்குப் பின்னால் சரக்கு இருந்தது: மலேசியக் குடியுரிமை பெற்ற சீன வம்சாவளியினர் சீனக் குடியுரிமையை இழந்தவர்கள் என்று பெய்ஜிங் அந்தக் கூட்டறிக்கையில் ஒப்புக்கொண்டது அவர்களின் விசுவாசத்தைப் பற்றி நெடுங்காலம் கேட்கப்பட்டு வந்த ஒரு கேள்விக்குப் பதிலாக அமைந்தது. தேர்தலுக்காகச் செய்யப்படும் வெளியுறவு எல்லாம் வெறுமையானது என்று சொல்பவர்கள் 1974-ஐயும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தமிழ் வாக்காளருக்கு மிக நெருக்கமான உதாரணம் ஈழம். 2008 தேர்தலில் பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியில் அப்போதைய முதலமைச்சர் கோ சூ கூனை வீழ்த்தி, பினாங்கின் இரண்டாம் துணை முதலமைச்சரான பேராசிரியர் பி.இராமசாமி, இலங்கைப் போரைப் பற்றித் தம் நிலைப்பாட்டை எந்நாளும் மறைத்தவர் அல்லர். நார்வேயின் நடுநிலையில் நடந்த அமைதிப் பேச்சுக் காலத்தில் அரசியலமைப்பு ஆலோசனைகளில் பங்கேற்றவரும் ஆவார். அவர் பதவியில் இருந்த ஆண்டுகளில் கூட்டரசு என்ன செய்தது? 2009 மே மாதம் ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் சிறப்பு அமர்வில் இலங்கை அரசுக்கு இணக்கமான தீர்மானத்தை மலேசியா ஆதரித்தது. 2012 மார்ச்சில் இலங்கையைப் பொறுப்புக்கூற வலியுறுத்திய தீர்மானத்தின் மீது வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. மாநிலத்தில் துணை முதலமைச்சராக இருந்த ஒருவரின் கருத்துக்கும் ஜெனீவாவில் நாட்டின் வாக்குக்கும் இடையே எந்தப் பாலமும் இல்லை என்பதை இவ்விரண்டு வாக்குகளும் காட்டின.

பாலம் வேறு திசையில் மட்டும் இருந்தது. 2019 அக்டோபரில், போர் முடிந்து பத்தாண்டுகளுக்குப் பிறகு, விடுதலைப் புலிகளுடன் தொடர்பு என்ற குற்றச்சாட்டில் பன்னிரண்டு பேர் கைதானார்கள். அவர்களுள் சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் பி.குணசேகரனும் காடேக் சட்டமன்ற உறுப்பினர் ஜி.சாமிநாதனும் இருந்தனர். பிணையை மறுக்க இடம் தரும் சொஸ்மா சட்டம், அதாவது பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்பு நடவடிக்கைச் சட்டம், அவர்கள் மீது பாய்ந்தது. அச்சட்டத்தின் கொடிய பிரிவுகளை நீக்குவதாகத் தேர்தல் அறிக்கையில் எழுதிக்கொடுத்த கட்சிகளே அப்போது புத்ராஜெயாவில் அமர்ந்திருந்தன. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார். அதுவரை அவர்கள் கழித்த சிறைநாட்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அயல்நாட்டுப் போரைப் பற்றிய வேட்பாளரின் கருத்து உள்நாட்டுச் சிறைச்சட்டத்தோடு எங்கே மோதும் என்பதை 2018 தேர்தலில் எந்த மேடையிலும் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. ஈழத்துக்காகக் குரல் கொடுப்பார்களா என்று மட்டுமே கேட்டனர், அவர்களும் கொடுத்தார்கள்.

காஸா விஷயத்தில் கட்சிகளிடையே பெரிய வேறுபாடு இல்லை என்பதால், அதை வைத்து வேட்பாளர்களைப் பிரித்தறிய முடியாது. 2023 டிசம்பரில் இஸ்ரேலின் ஸிம் கப்பல் நிறுவனத்துக்குத் துறைமுகங்களை மூடிய அன்வார் அரசின் முடிவை எதிர்த்து ஓர் எதிர்க்கட்சி வேட்பாளர் வாக்குக் கேட்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. வேறுபாடு வெளிப்படக்கூடிய இடம் வேறு. 2025 அக்டோபர் 26 அன்று அமெரிக்காவுடன் கோலாலம்பூரில் கையெழுத்தான வணிக ஒப்பந்தத்தில், பாதுகாப்புக் காரணம் காட்டி அமெரிக்கா மூன்றாம் நாடு ஒன்றின் மீது விதிக்கும் கட்டுப்பாடுகளுக்கு இணையான நடவடிக்கையை மலேசியாவும் எடுக்க வேண்டி வரும் என்ற பொருளில் ஒரு விதி இடம்பெற்றதும், நாட்டின் நடுநிலை குறித்துக் கேள்வி எழுந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு ஆயர் ஈத்தாமிலிருந்து நாள்தோறும் வேலைக்குச் செல்பவர்கள் தயாரிக்கும் மின்னணுப் பொருள்கள் இரு பக்கத்துக்கும் போகின்றன. 1963-இல் ஈய மணலுக்கு நேர்ந்தது சில்லுகளுக்கு நேராது என்று யாரும் உறுதி தர முடியாது. அந்த ஒப்பந்தத்தைப் பற்றிய நாடாளுமன்ற விவாதம் கையெழுத்துக்கு முன்பு நடக்கவில்லை, பின்பே நடந்தது.

கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த் விமானத் தளத்தில், ஆங்கிலோ-மலாயா ஒப்பந்தத்துக்குப் பதிலாக 1971-இல் வந்த ஐந்து நாடுகளின் தற்காப்பு ஏற்பாட்டின் ஒருங்கிணைந்த பகுதித் தற்காப்பு அமைப்பின் தலைமையகம் இன்றும் இயங்குகிறது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், மலேசியா ஆகியவை அதன் உறுப்பு நாடுகள். தைவான் நீரிணையில் நாளை ஒரு மோதல் மூண்டால் அந்தத் தளத்தின் பங்கு என்ன என்பதை முடிவு செய்வது யார் என்ற கேள்வி, மேடைக்கு வரும் எந்த நாடாளுமன்ற வேட்பாளரிடமும் நேரடியாகக் கேட்கத் தக்கது. ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் முன் மக்களவையின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற சட்டத்துக்கு அவர் கை உயர்த்துவாரா? நெருக்கடி நிலையின் கீழ் நிறுத்தப்படும் தேர்தல் எதுவும் குறித்த கெடுவுக்குள் தானாகத் திரும்பியாக வேண்டும் என்று எழுதி வைக்க ஒப்புவாரா? 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தேர்தலை நீக்கிய பிரிவைத் தூக்க வாக்களிப்பாரா? பதில்களில் ஒன்றாவது ‘ஆம்’ என்றால், காஸாவைப் பற்றி அவர் பேசும் அரைமணி நேரத்தையும் பொறுமையோடு கேட்கலாம்.