சொட்டு மருந்திலுமா ஏழை, பணக்காரன்?

தோட்டத்தில் ஒரு கைக்குழந்தைக்கு வாந்தியும் பேதியும் கண்டால் போதும், உபதேசம் செய்ய ஆள் வந்துவிடும். "லயத்து ஜனங்களுக்குச் சுத்தம் போதாது" என்பார் ஒருவர். "பல் முளைக்கிற பேதி, தானாக நிற்கும்" என்பார் இன்னொருவர். இரண்டையும் நாம் மறுக்கிறோம்.

குழந்தைகளை வாட்டும் கடும் பேதிக்கு முக்கியக் காரணம் ரோட்டா வைரஸ். 1973-இல் மெல்பர்னில் ரூத் பிஷப் குழுவினர் இதைக் கண்டுபிடித்தனர். கை கழுவுவதும் கொதித்த நீரும் அவசியமே. ஆனால் அவை மட்டும் இதைத் தடுத்து நிறுத்துவதில்லை. தடுப்பு மருந்து வருமுன் துரை பங்களாப் பிள்ளையையும் லயத்துப் பிள்ளையையும் இது ஒன்றுபோலவே பிடித்தது. இந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. உடம்பில் நீர் வற்றுவதே உயிருக்கு ஆபத்து. உப்புச் சர்க்கரைக் கரைசலை உடனே கொடுத்து, கிளினிக்குக்கு ஓட வேண்டும்.

ஆனால் வருமுன் காக்க வழியுண்டு. ஊசிகூட அல்ல, வாயில் விடும் சொட்டு மருந்து. வகைக்கேற்ப இரண்டு அல்லது மூன்று தவணை. லட்சத்தில் சில குழந்தைகளுக்குக் குடல் செருகல் ஏற்படலாம் என்பதை நாம் மறைக்கவில்லை. நோயின் ஆபத்து அதைவிடப் பல மடங்கு. எல்லா நாடுகளும் இதைக் கொடுக்க வேண்டுமென 2009-இல் உலகச் சுகாதார நிறுவனம் கூறியது. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த தமிழ்நாட்டில் 2017-இலேயே அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. இங்கே 2020-இல் நிமோகோக்கல் தடுப்பூசி இலவசப் பட்டியலில் சேர்ந்தது, ரோட்டா சேரவில்லை.

தனியார் கிளினிக்கில் எல்லாத் தவணைக்கும் நூற்றுக்கணக்கான ரிங்கிட் ஆகும். 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளமோ மாதம் 1,700 ரிங்கிட். மரம் வெட்டுபவரும் கிராணியாரும் அரிசி வாங்குவதா, மருந்து வாங்குவதா? பிள்ளை ஆஸ்பத்திரியில் படுத்தால் தாயின் பேர் பெரட்டில் விழாது. அந்தச் சம்பளமும் போகும். வைரஸ் பேதம் பார்ப்பதில்லை, விலைச்சீட்டுத்தான் பார்க்கிறது.

ஆகவே நாம் கேட்பவை மூன்று: அரசாங்கக் கிளினிக்குகளில் எல்லாக் குழந்தைக்கும் இந்த மருந்து இலவசம், அதுவரை செலவு தோட்ட நிர்வாகத்தினுடையது, மருந்து கொடுக்கப் போகும் நாளுக்குச் சம்பள வெட்டு கூடாது.

தாய்மாரே, முதல் தவணையைப் பதினைந்து வாரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். குழந்தைக்கு ஒன்றரை மாதமானதுமே கிளினிக்கில் விசாரியுங்கள். கமிட்டித் தோழர்களே, அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள்.

சுத்தத்தைப் பற்றி உபதேசம் கேட்டுக் காது புளித்துவிட்டது. நமக்கு வேண்டியது மருந்து!